எக்செலில் தொகையைத் தமிழ்ச் சொல்லாக மாற்றுவது எப்படி? மேக்ரோவில் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது

ரசீதுப்புத்தகம் கேட்டது:

வணக்கம். அறக்கட்டளை ஒன்றின் நன்கொடை ரசீதும் காசோலையும் எக்செலிலிருந்து அச்சாகின்றன. ஏ நிரலில் தொகை. பக்கத்தில் அதே தொகை தமிழ் எழுத்தால் வர வேண்டும். 1,25,431.50 என்றால் "ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நானூற்று முப்பத்தொன்று பைசா ஐம்பது மட்டும்".

பார்த்தவை: மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்தில் உள்ள ஸ்பெல்நம்பர் மேக்ரோ, டாலர், சென்ட், மில்லியன் என்று போகிறது. அதிலுள்ள ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழை ஒட்டினால் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) எடிட்டரில் "????" என்று ஆகிறது. விண்டோஸில் ரீஜன் மாற்றியும் அப்படியே. பாட்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருப்பதாகச் சொன்னார்கள், அது தாய்லாந்து மொழியில் எழுதுகிறது.

எக்செல் 2016. மேக்ரோ இல்லாமல் முடிந்தால் நல்லது, கோப்பு நான்கைந்து கணினிகளில் திறக்கப்படும்.

---

பேரேடு எழுதியது:

மேக்ரோ வேண்டாம் சார். ஒரு சொல் அட்டவணையும் சில உதவி நிரல்களும் போதும். ஃபங்ஷன் பெயர்களையும் நிரல் எழுத்துகளையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், செல்லில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முடிவு: "ரூபாய்" என்ற சொல்லை எண்ணுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் "நூற்று ஒன்று ரூபாய்" என்று எழுத முடியாது, "நூற்று ஒரு ரூபாய்" என்று கடைசி எண்ணையும் மாற்ற வேண்டும். முன்னால் வைத்தால் "ரூபாய் நூற்று ஒன்று" சரியாக முடியும். ஒரு சிக்கல் அங்கேயே ஒழிந்தது.

"சொல்" என்று ஒரு புதிய தாள். முதல் வரிசை பூஜ்யத்துக்கு, நூறாவது வரிசை 99க்கு.

ஏ நிரல், முழு வடிவம்: முதல் வரிசை காலி. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று தொண்ணூற்றொன்பது வரை. இதைக் கையால்தான் அடிக்க வேண்டும். இருபத்து + ஐந்து = இருபத்தைந்து, இருபத்து + மூன்று = இருபத்து மூன்று என்று புணர்ச்சி மாறிக்கொண்டே இருப்பதால் ஃபார்முலாவில் ஒட்டப் பார்ப்பது வீண் வேலை. 99 சொற்கள், அரை மணி நேரம்.

பி நிரல், லட்சம் கோடிக்கு முன்னால் வரும் வடிவம்: ஏ நிரலை அப்படியே நகலெடுத்துப் பத்தே பத்து இடங்களை மட்டும் மாற்றுங்கள். 1, 11, 21 முதல் 91 வரை. ஒரு, பதினோரு, இருபத்தோரு, முப்பத்தோரு… தொண்ணூற்றோரு. "ஒன்று லட்சம்" என்று யாரும் சொல்வதில்லை அல்லவா.

சி நிரல், ஆயிரம்: இரண்டாயிர, மூன்றாயிர, பத்தாயிர என்று "ம்" இல்லாமல். வாக்கியம் அங்கே முடிந்தால் "ம்", தொடர்ந்தால் "த்து" சேர்ப்போம்.

டி, ஈ நிரல்கள், நூறு: முதல் பத்து வரிசைகள் மட்டும். டி-யில் முடியும் வடிவம் (காலி, நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐநூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம்). ஈ-யில் தொடரும் வடிவம் (காலி, நூற்று, இருநூற்று… எண்ணூற்று, தொள்ளாயிரத்து). "நூறு" என்பதை "நூற்று" ஆக்க ஃபார்முலா போட்டால் 900-இல் உடையும், அதனால்தான் இரண்டு நிரல். மூன்று + நூறு முந்நூறு. "முன்னூறு" பிழை, ரசீதுகளில் அதிகம் கண்ணில் படும் பிழையும் அதுதான்.

இனி தொகைத் தாள். ஏ2 தொகை. (இன்ட் தசமத்தை நீக்கி முழு எண்ணாக்கும், மாட் வகுத்த மீதியைத் தரும்.)

பி2, மொத்தப் பைசா: =ரவுண்ட்(ஏ2*100,0)
சி2, ரூபாய்: =இன்ட்(பி2/100)
டி2, பைசா: =பி2-சி2*100
ஈ2, கோடி: =இன்ட்(சி2/10000000)
எஃப்2, லட்சம்: =இன்ட்(மாட்(சி2,10000000)/100000)
ஜி2, ஆயிரம்: =இன்ட்(மாட்(சி2,100000)/1000)
ஹெச்2, நூறு: =இன்ட்(மாட்(சி2,1000)/100)
ஐ2, மீதி: =மாட்(சி2,100)

எல்லாவற்றையும் முதலிலேயே பைசாவாக்கி முழு எண்ணாக்குவது முக்கியம். தசமப் பகுதியைத் தனியாகப் பிரித்து நூறால் பெருக்கி இன்ட் போட்டால் ஒரு பைசா காணாமல் போகும். 0.29 என்பதைக் கணினி இருமத்தில் சரியாக வைத்துக்கொள்ள முடியாது, நூறால் பெருக்கினால் 28.99999… என்று வரும், இன்ட் அதை 28 ஆக்கிவிடும். செல்லின் வடிவமைப்பு 1,500 என்று காட்டினாலும் உள்ளே 1499.60 இருக்கலாம், அதையும் கவனியுங்கள். எண்ணில் ஒன்று, எழுத்தில் இன்னொன்று என்று அச்சாகும்.

சொற்கள்:

ஜே2: =இஃப்(ஈ2=0,"",இண்டெக்ஸ்('சொல்'!$பி$1:$பி$100,ஈ2+1)&இஃப்(மாட்(சி2,10000000)=0," கோடி"," கோடியே"))
கே2: =இஃப்(எஃப்2=0,"",இண்டெக்ஸ்('சொல்'!$பி$1:$பி$100,எஃப்2+1)&" லட்ச"&இஃப்(மாட்(சி2,100000)=0,"ம்","த்து"))
எல்2: =இஃப்(ஜி2=0,"",இண்டெக்ஸ்('சொல்'!$சி$1:$சி$100,ஜி2+1)&இஃப்(மாட்(சி2,1000)=0,"ம்","த்து"))
எம்2: =இண்டெக்ஸ்(இஃப்(ஐ2=0,'சொல்'!$டி$1:$டி$10,'சொல்'!$ஈ$1:$ஈ$10),ஹெச்2+1)&""
என்2: =இண்டெக்ஸ்('சொல்'!$ஏ$1:$ஏ$100,ஐ2+1)&""

கடைசி இரண்டிலும் உள்ள &"" ஐ விட்டுவிடாதீர்கள். காலி செல்லை இண்டெக்ஸ் எடுத்தால் எக்செல் 0 என்று தரும், ரசீதில் "ரூபாய் ஐந்தாயிரம் 0 0 மட்டும்" என்று நிற்கும்.

ஓ2, முழுத் தொடர்: =இஃப்(பி2<=0,"",டிரிம்(இஃப்(சி2>0,"ரூபாய் "&ஜே2&" "&கே2&" "&எல்2&" "&எம்2&" "&என்2,"")&இஃப்(டி2>0," பைசா "&இண்டெக்ஸ்('சொல்'!$ஏ$1:$ஏ$100,டி2+1),"")&" மட்டும்"))

நடுவில் விழும் இரட்டை இடைவெளிகளை டிரிம் ஒற்றையாக்கிவிடும். பி முதல் என் வரை நிரல்களை மறைத்துவிடுங்கள். ஒரே செல்லில் எல்லாவற்றையும் திணிக்கலாம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துத் தவறு எங்கே என்று தேடுபவர் உங்களைத் திட்டுவார்.

---

உயிர்மெய் எழுதியது:

பேரேடு சொன்ன சி நிரலுக்குக் கை வலிக்க வேண்டாம். இரண்டு முதல் தொண்ணூற்றொன்பது வரை எல்லா எண்ணுப் பெயரும் உகரத்தில்தான் முடிகிறது. கடைசி உகரத்தை எடுத்துவிட்டு ஆகாரக் குறியை ஒட்டினால் ஆயிரம் தயார். யூனிகோடில் "டு" என்பது ட, அதன் மேல் உகரக் குறி என்று இரண்டு குறியீடுகள். எக்செலின் லெஃப்ட் ஃபங்ஷன் குறியீடுகளைத்தான் எண்ணும், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல. ஆகவே சொல் தாளின் சி3-இல்:

=லெஃப்ட்(பி3,லென்(பி3)-1)&யூனிகேர்(3006)&"யிர"

3006 என்பது ஆகாரக் காலின் எண். காலை மட்டும் தனியாக மேற்கோளுக்குள் தட்டினால் புள்ளிவட்டத்தோடு வந்து குழப்பும், சில விசைப்பலகைகளில் தனியாக வரவே வராது. யூனிகேர் எக்செல் 2013 முதல் உண்டு.

ஏ நிரலை அல்ல, பி நிரலை எடுத்திருப்பதைப் பாருங்கள். "பதினொன்று" வழியாகப் போனால் பதினொன்றாயிரம் வரும். "பதினோரு" வழியாகப் போனால் பதினோராயிரம். இருபத்தோராயிரமும் அப்படியே. பி நிரலில் "இருபத்தொரு" என்று குறிலாக அடித்திருந்தால் "இருபத்தொராயிரம்" என்று கோணலாக வரும், நெடிலாகவே வையுங்கள்.

இரண்டு வரிசைகளுக்கு இது செல்லாது. சி1 (பூஜ்யம்): காலிச் சொல்லின் நீளத்தில் ஒன்றைக் கழித்தால் -1, #வேல்யூ பிழை. ஃபார்முலா போடாமல் விடுங்கள். சி2: "ஒரு" என்பதிலிருந்து "ஒராயிர" வரும், கையால் "ஓராயிர" என்று அடியுங்கள். வெறும் "ஆயிரம்" என்றும் எழுதலாம்; காசோலைக்கு ஓராயிரமே மேல். வெறும் ஆயிரத்துக்கு முன்னால் ஒரு "பத்து" நுழைத்துவிட முடியும்.

தவறாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத எழுத்து. இணையப் பக்கத்திலிருந்து எண்ணுப் பட்டியலை வெட்டி ஒட்டினால் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தொற்றிக்கொண்டு வரும். லெஃப்ட் அந்த இடைவெளியை வெட்டிவிட்டு உகரத்தை விட்டுவைக்கும், அதன் மேல் கால் விழுந்து அச்சில் புள்ளிவட்டம் தெரியும். லென் போட்டுப் பாருங்கள்: "இரண்டு" 6 என்று காட்ட வேண்டும். 7 என்றால் அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

இன்னொன்று. இது யூனிகோடுக்கு மட்டுமே. ரசீது வடிவம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அங்கே "து", "று" எல்லாம் ஒற்றை எழுத்து. லெஃப்ட் முழு எழுத்தையும் தின்றுவிடும்.

---

மேக்ரோமாமா எழுதியது:

கேள்விக்குறி ஏன் வருகிறது என்று யாரும் சொல்லவில்லையே. விபிஏ எடிட்டர் இன்னும் பழைய ஆன்சி கோட்பேஜில்தான் (குறிப்பிட்ட மொழிகளின் எழுத்துகள் மட்டும் அடங்கிய குறியீட்டு அட்டவணை) எழுத்தை வைத்துக்கொள்கிறது. ரஷ்ய மொழிக்கோ தாய் மொழிக்கோ விண்டோஸில் ஒரு கோட்பேஜ் உண்டு, ரீஜன் மாற்றினால் எடிட்டரில் தெரிந்துவிடும். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை, யூனிகோடு மட்டுமே. அதனால் எந்த அமைப்பை மாற்றினாலும் எடிட்டரில் தமிழ் நிற்காது.

மேக்ரோதான் வேண்டும் என்பவர்களுக்கு வழி: சொற்களை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள். பேரேடு சொன்ன அதே "சொல்" அட்டவணையைத் தாளில் வைத்து, மேக்ரோ அங்கிருந்து செல்லைப் படிக்கட்டும். தாளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்ப் பெயரை மேக்ரோவில் எழுத முடியாது. லட்சம், கோடியே, மட்டும் என்ற ஒட்டுகளையும் அதே தாளில் போடுங்கள். செல்லின் மதிப்பை வாங்கித் திருப்பித் தருவதில் விபிஏ-வுக்குச் சிக்கல் இல்லை. எம்எஸ்ஜி-பாக்ஸில் சோதித்துப் பார்த்துவிட்டு "இன்னும் ???? வருகிறது" என்று பயப்படாதீர்கள், அந்தப் பெட்டிக்கும் தமிழ் தெரியாது. செல்லில் பாருங்கள்.

மற்ற பள்ளங்கள்:

விபிஏ-வின் மாட் செயலி 2,147,483,647க்கு மேல் ஓவர்ஃப்ளோ ஆகும். பைசாவாக்கிக் கணக்கிட்டால் அது வெறும் 2.14 கோடி ரூபாய்தான். பெரிய எண்களைத் தாங்கும் டபுள் வகையில் வைத்து இன்ட்டும் கழித்தலும் பயன்படுத்துங்கள்.

விபிஏ-வின் ரவுண்டும் தாளின் ரவுண்டும் ஒன்றல்ல. 0.125-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் தாள் 0.13 தரும், விபிஏ 0.12 தரும். பாதியாக இருந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் வழக்கம். வொர்க்‌ஷீட் ஃபங்ஷன் வழியாகத் தாளின் ரவுண்டையே கூப்பிடுங்கள்.

அட்டவணையை ஆக்டிவ் வொர்க்புக்கிலிருந்து படிக்க வைத்தால் வேறு கோப்பு திறந்திருக்கும்போது பிழை வரும். திஸ் வொர்க்புக் என்று குறிப்பிடுங்கள்.

நான்கைந்து கணினி என்கிறீர்கள். மின்னஞ்சலில் வந்த மேக்ரோ கோப்பை இப்போதைய ஆபீஸ் நேரடியாகத் தடுத்துவிடும். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் போட்டால்தான் ஓடும். கைபேசி எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் விபிஏ ஓடவே ஓடாது. ஆகவே உங்களுக்கு ஃபார்முலாவே சரி. மேக்ரோ எழுதுகிறவனே இதைச் சொல்கிறேன்.

---

ரசீதுப்புத்தகம் எழுதியது:

மிக்க நன்றி. அட்டவணை போட்டுவிட்டேன், சி நிரல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஃபார்முலாக்களை ஒரே கோடாகச் சுருக்கிக் கொஞ்சம் மாற்றினேன். 1,00,100 போட்டால் "ஒரு லட்சம் நூறு" என்று வருகிறது. 1,05,000 சரியாக வருகிறது. இன்னொரு கோப்பில், வங்கித் தளத்திலிருந்து இறக்கிய பட்டியலில், எல்லா வரியிலும் #வேல்யூ.

---

பேரேடு எழுதியது:

முதலாவது: லட்சத்துக்குப் பின் "ம்" வேண்டுமா "த்து" வேண்டுமா என்பதற்கு ஆயிரம் இடத்தை மட்டும் சோதித்திருப்பீர்கள். அது பூஜ்யம், அதனால் "ம்" விழுந்தது. பக்கத்து இடத்தைப் பார்க்கக் கூடாது. பின்னால் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குத்தான் மாட்(சி2,100000)=0 என்ற சோதனை. "ஒரு லட்சத்து நூறு" வந்துவிடும்.

இரண்டாவது: அந்தத் தொகைகள் எண்ணே அல்ல, எழுத்து. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். ரூபாய்க் குறியோ, 160 என்ற குறியீடு கொண்ட உடையா இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருக்கும். டிரிம் இந்த இடைவெளியைத் தொடாது. சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகேர்(160),"") போட்டு நீக்கி, ரூபாய்க் குறி இருந்தால் அதையும் இன்னொரு சப்ஸ்டிட்யூட்டில் நீக்கி, வேல்யூ போட்டு எண்ணாக்குங்கள்.

அச்சுக்கு விடும் முன் இந்த எண்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்: 0.75, 1, 11, 100, 101, 900, 901, 1000, 1001, 11000, 90000, 100000, 100001, 1100000, 10000000, 10000001, 999999999.99. தொள்ளாயிரமும் தொண்ணூறாயிரமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் இதில் மாட்டும். 100 கோடியை எட்டினால் அட்டவணை தாண்டி #ரெஃப் வரும். அறக்கட்டளைக்கு அப்படி ஒரு நன்கொடை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எதிர்மத் தொகைக்கு ஓ2 காலியாக நிற்கும், அது வேண்டுமென்றே வைத்தது: இன்ட்(-1.5) என்பது -2, சொற்கள் தாறுமாறாகும்.

காசோலைக்கு இவ்வளவு கண்டிப்பு தேவைதான். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 18-இன்படி எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. நடைமுறையில் வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பிவிடும். வட்டார மொழியில் எழுதலாம், தமிழில் எழுதியதற்காகத் திருப்ப முடியாது. ஆனால் அச்சான பின் அடித்துத் திருத்த முடியாது, அந்தத் தாள் வீண்.

எண் பக்கத்தில் லட்சக் காற்புள்ளி வர, செல் வடிவமைப்பில் கஸ்டம் போய் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

---

யாழ்_கணக்கு எழுதியது:

இலங்கையில் இதைப் பாவிக்கிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. இங்கே ரூபா, சதம் என்று மாற்ற வேணும். "இலட்சம்" என்றுதான் எழுதுகிறோம், அது உயிரெழுத்தில் தொடங்குகிறபடியால் "ஒரு" நில்லாது: ஓர் இலட்சம், பதினோர் இலட்சம், இருபத்தோர் இலட்சம். ஆகவே பி நிரலின் அந்தப் பத்து இடங்களிலும் "ஓர்" வடிவத்தைப் போடுங்கோ. கோடிக்கு முன்னால் மட்டும் "ஒரு" வடிவம் வேணும், அதற்கு இன்னொரு நிரல்.

இதில் ஒரு வசதி கிடைக்கும். உயிர்மெய் சொன்ன ஃபார்முலா கடைசிக் குறியீட்டைத்தானே வெட்டுது. "ஓர்" என்பதில் கடைசிக் குறியீடு புள்ளி. அது போனால் "ஓர", கால் சேர்ந்தால் "ஓராயிர". பதினோர் பதினோராயிர ஆகும். முதலாம் எண்ணுக்குக் கையால் திருத்தவே தேவையில்லை.

---

உயிர்மெய் எழுதியது:

அட, புள்ளியும் ஒரு குறியீடுதான் என்பதை யோசிக்கவில்லை. லட்சம் என்று எழுதுகிறவர்களும் "ஓர்" வடிவத்துக்கென்று தனி நிரல் வைத்து அதிலிருந்தே ஆயிரத்தை எடுக்கலாம்.

ரசீதுப்புத்தகம், ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தத் தாளை அச்சகத்துக்கு சிஎஸ்வி-யாகக் கொடுப்பதாக இருந்தால் சேமிக்கும் இடத்தில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி போட்டால் மறுபடி அதே கேள்விக்குறிகள்தான்.

---

ரசீதுப்புத்தகம் எழுதியது:

மாட் சோதனையை மாற்றியதும் 1,00,100 சரியாகிவிட்டது. பேரேடு கொடுத்த பட்டியலில் 901 மட்டும் "தொள்ளாயிரம் ஒன்று" என்று வந்தது. ஈ நிரலில் நான்தான் "தொள்ளாயிரம்" என்றே அடித்திருந்தேன். வங்கிப் பட்டியலில் இருந்தது 160 இடைவெளியேதான்.